துண்டு பிறந்த கதை

1869ஆம் ஆண்டு. பதுளையிலிருந்து பசறை வழியாக மலையேறினால் வரும் மடுல்சீமையில், ஒரு கோப்பித் தோட்டத்து இலைகளின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதைக் கண்டார்கள். விரலால் தடவினால் ஒட்டிக்கொண்டு வந்தது. இலங்கையில் கோப்பித் துருநோய் முதன்முதலில் பதிவானது அங்கேதான். மாதிரி இலைகள் இங்கிலாந்துக்குப் போயின. பெர்க்லி என்ற பூஞ்சண ஆய்வாளர் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு சரி, மருந்து கிடைக்கவில்லை. இருபது வருஷத்துக்குள் இலங்கைக் கோப்பி சரிந்துபோய்த் துரைமார் தேயிலைக்கு மாறினார்கள்.

இதுவரைக்கும் மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தேயிலையோடு சேர்ந்து வேர்பிடித்த ஒரு சிறு காகிதத்தைப் பற்றித்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதற்குத் துண்டு என்று பெயர். வேலைக்கு வந்த ஆள் விட்டுப் போகாமல் இருக்க என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்றைய தோட்ட நிர்வாகம் வைத்திருந்த பதில் அது. இன்று முகாமைத்துவ வகுப்புகளில் ஊழியரைத் தக்கவைப்பது எப்படி என்று தனிப் பாடம் நடத்துகிறார்கள். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஊவா மலைகளில் அந்தப் பாடத்தை எப்படி நடத்தினார்கள் என்று பார்த்தால், இப்போது பதுளைத் தோட்டங்களில் ஏன் ஆள் நிற்பதில்லை என்பதற்கும் பாதி விளக்கம் கிடைத்துவிடும்.

கோப்பிக் காலத்தில் இந்தத் தலைவலி இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. பழம் பறிக்கும் பருவத்துக்குத்தான் ஆள் அதிகம் வேண்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கூட்டங் கூட்டமாக வந்தார்கள். பெரும்பாலும் ஆண்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடை. அந்த வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் வேலை செய்தார்கள், பருவம் முடிந்ததும் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினார்கள். ஊவாவுக்கு வந்தவர்களுக்கு நடை இன்னும் நீளம். ரயில் பண்டாரவளைக்கு வந்ததே 1894இல்தான். பதுளைக்கு அது 1924இல் வந்து சேர்ந்தது.

தேயிலை இந்த ஏற்பாட்டைக் கலைத்துப் போட்டது. கொழுந்து வாரத்துக்கு ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறை துளிர்த்துக்கொண்டே இருக்கும். உரிய நாளில் எடுக்காவிட்டால் முற்றிப்போகும். ஆகவே வருஷம் முழுக்க ஆள் வேண்டும். ஏக்கருக்கு ஏறக்குறைய ஓர் ஆள் என்பது அன்றைய துரைமாரின் கைக்கணக்கு. கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும் என்பதால் குடும்பத்தோடு வரவழைக்க வேண்டியிருந்தது. லயம் கட்டினார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவில் ஒரு காம்பிரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. கட்டி முடித்துக் குடியேற்றிவிட்டால் மனிதர்கள் அங்கேயே இருந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள்.

இருக்கவில்லை, ஓடினார்கள். தனியாகவும் குடும்பமாகவும் இரவோடு இரவாகக் காம்பிராவைக் காலி செய்துவிட்டு அடுத்த மலைக்கு ஓடினார்கள். கூலி மாதக்கணக்கில் நிலுவையாகக் கிடந்தது ஒரு காரணம். கோப்பி மூழ்கியபோது கையை விரித்துவிட்டுப் போன துரைமார் உண்டு. 1884இலும் 1889இலும் கூலியைக் காலத்தோடு கொடுக்கச் சொல்லிச் சட்டம் போடவேண்டிய அளவுக்கு அது முற்றியிருந்தது. அடி, உதை, வசவு இன்னொரு காரணம். ஓடிப்போவதைப் பற்றிச் சட்டம் அதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி தோட்டத் தொழிலாளியின் ஒப்பந்தம் மாத ஒப்பந்தம். முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுத் தாராளமாகப் போகலாம். அறிவிக்காமல் போனால் மூன்று மாதம் வரை சிறை. எழுத்துக்கூடத் தெரியாதவர் துரைக்கு முன்னறிவித்தல் கொடுப்பது எப்படி என்று அந்தச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆக, நடைமுறையில் போகிறவர்கள் எல்லோரும் குற்றவாளிகள்.

ஆனால் சிறைக்குப் போன ஆள் கொழுந்து எடுக்க முடியாதே. அங்கேதான் கங்காணி தேவைப்பட்டார்.

கங்காணியைப் பற்றி நம் எழுத்தில் ஒரே ஒரு படந்தான் திரும்பத் திரும்ப வரும். கோட்டு, தலைப்பாகை, காதில் கடுக்கன், கையில் தடி. அந்தப் படம் பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்று நிதானமாகப் பார்த்தால், இன்றைய கம்பனிகளில் மனிதவளப் பிரிவு செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் அத்தனையையும் அவர் ஒருவரே பார்த்திருக்கிறார். துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தன் ஊருக்கும் சுற்றுப்பட்டிக்கும் போவார். சொந்தக்காரர்கள், சாதிசனத்தார், கடனில் கிடப்பவர்கள் ஆகியோரின் கடனைத் தீர்த்துக் கூட்டிக்கொண்டு வருவார். அவருக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டு ஆட்கள் பெரட்டுக்களத்தில் வந்து நின்றால், நின்ற தலைக்கு இவ்வளவு என்று பெரிய கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. வராத தலைக்குக் காசு இல்லை. அதனால் யார் வீட்டில் காய்ச்சல், யார் பெண் சமைந்திருக்கிறாள், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கல்யாணத்துக்கு முன்னே நிற்பார், சாவுக்குப் பணம் கொடுப்பார், காமன்கூத்துக்கும் தீ மிதிப்புக்கும் அவர்தான் பெரியதனம். கொடுத்ததை எல்லாம் கணக்கில் ஏற்றிக்கொள்வார். அரிசிக் கணக்கிலும் கைவைப்பார்.

நல்ல கங்காணியின் கூட்டம் கலையாமல் வருஷக்கணக்கில் ஒரே தோட்டத்தில் இருந்தது. கெட்ட கங்காணியின் கூட்டம் உதிர்ந்துகொண்டே இருந்தது. தோட்டம் அதேதான், துரையும் அவரேதான், கூலியும் அதே கூலிதான். நடுவில் நிற்கும் ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. துரைமாருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டு அவர்கள் எடுத்த முடிவுதான் விசித்திரம். மனிதர்களைத் தாங்களே தெரிந்துகொள்வதை விட்டுவிட்டு, மனிதர்களைத் தெரிந்த ஒருவரைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

துரைமார் தமிழ் படிக்காமல் இல்லை. கொழும்பு ஃபெர்குசன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் எழுதி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சின்னத்துரைமாரின் சட்டைப்பையில் கிடந்த தமிழ்க் கைநூலின் தலைப்பே ‘இங்கே வா’. சீமையிலிருந்து கப்பலேறி வந்த இருபது வயதுப் பையன், தன் தாத்தா வயதுக்காரரிடம் பேச முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். ஆளைக் கூப்பிடத் தெரிந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்குக் கங்காணி வேண்டியிருந்தது.

இனி அந்தக் காகிதத்துக்கு வருவோம். துரை கொடுத்த முன்பணம் கங்காணியின் பெயரில் கடன். கங்காணி அதைத் தன் ஆட்களின் தலையில் பிரித்து எழுதியிருப்பார். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று அது வளரும். தன் பெயரில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பது பெரும்பாலான ஆட்களுக்குத் தெரியாது. இந்த நிலையில் கங்காணிக்கு வேறு தோட்டத்துக்குப் போகவேண்டும் என்று தோன்றினால் துரையிடம் துண்டு கேட்பார். துரை எழுதிக் கொடுப்பார். இன்ன கங்காணி, அவரோடு இத்தனை ஆட்கள், இவர்கள் பட்டிருக்கும் கடன் இவ்வளவு ரூபா, இந்தத் தொகையைச் செலுத்துகிறவருக்கு இவர்களை விட்டுக்கொடுக்கச் சம்மதம். கீழே கையெழுத்து. கெடு தேதியும் இருக்கும். அவ்வளவுதான் துண்டு. பாதிப் பக்கம்கூட வராத எழுத்து. கூட்டத்தில் இருக்கும் ஐம்பது பேரின் பெயரும் அதில் தேவையில்லை, தலை எண்ணிக்கை போதும்.

சட்டப்படி முன்னறிவித்தல் கொடுத்துப் போகக்கூடிய மனிதர், வழக்கத்தில் கடனைக் கட்டாமல் நகர முடியாதவர் ஆனார். தனி ஆளாகப் போய் நின்றால் அடுத்த தோட்டத்தில் எடுக்கமாட்டார்கள், விடுதலைச் சீட்டு எங்கே என்பார்கள். கங்காணிக்குப் பிடிக்காத மருமகள், அடி வாங்கிய பையன், துரையின் கண்ணில் பட்டுவிட்ட பெண் ஆகியோருக்கு வழி அடைக்கப்பட்டது. அதைத்தான் தோட்டங்கள் விரும்பின. ஆள் நின்றுவிட்டார்கள் என்று கணக்குப் புத்தகம் சொன்னது.

ஆனால் பத்து வருஷத்துக்குள் அந்தக் கணக்குப் புத்தகமே வேறு விதமாகப் பேசத் தொடங்கியது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. துண்டு கையில் இருக்கும் கங்காணி, ஐம்பது பேரைக் கொண்டுவரக்கூடிய ஆள். தேயிலை பரவப் பரவ எல்லாத் தோட்டத்துக்கும் ஆள் பஞ்சம். பசறைத் துரை ஒருவர் 1500 ரூபாவுக்குத் துண்டு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு நமுனுகலைப் பக்கம் போகிறார், அங்கிருந்து தெமோதரைக்குப் போகிறார். எனக்கு மேலே என்ன தருவீர்கள் என்று கேட்கிறார். ஒருவர் 1500ஐக் கட்டி மேற்கொண்டு 500 முன்பணமும் தருகிறார். கூட்டம் மூட்டை கட்டுகிறது. புதிய தோட்டத்தில் கடன் 2000. அந்த 500 கங்காணியின் மடியில், அதன் சுமை ஆட்களின் தலையில். இரண்டு வருஷத்தில் இன்னொரு துண்டு, இன்னொரு தோட்டம், 2000 என்பது 2600 ஆகும். ஆட்கள் நகரக்கூடாது என்பதற்காக எழுதிய காகிதமே ஆட்களை ஏலம் போடும் காகிதமாகிவிட்டது. நின்று நிலைக்கும் கங்காணியைவிட அலையும் கங்காணிக்கு இலாபம் அதிகம் என்றானபோது யார் நிலைப்பார்கள்?

துரைமார் தங்கள் சங்கக் கூட்டங்களில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். ஆளைத் திருடுகிறான், முன்பணத்தை ஏற்றிவிடுகிறான் என்று. திட்டியவர்களே மறுவாரம் துண்டுக்குக் காசோலை எழுதினார்கள். பிறகு இன்னும் சில கருவிகள் வந்தன. 1902 வாக்கில் டின் டிக்கட்: தோட்டத்தின் இலக்கம் அடித்த சிறு தகர வில்லை, இந்தியக் கரையிலிருந்து வரும் ஆளின் கழுத்தில் தொங்கும். 1904இல் தோட்டத்துரைமார் சங்கம் திருச்சிராப்பள்ளியில் ஆள்சேர்ப்பு அலுவலகம் திறந்தது. 1908இல் அரசு ஒரு தொழிலாளர் ஆணைக்குழுவை வைத்து விசாரித்தது. காகிதம், தகரம், அலுவலகம், அறிக்கை எல்லாம் வந்தன. பெரட்டுக்களத்தில் பேசும் பேச்சு மாறவில்லை.

அதே காலத்தில் உலகின் மறுகோடியிலும் ஒருவருக்கு இதே தலைவலி. டெட்ராயிட்டில் ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலையில் 1913ஆம் ஆண்டு ஆள் மாற்றம் 370 வீதம். பதினாலாயிரம் பேரை வேலையில் வைத்திருக்க வருஷத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுக்கவேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டொலர் சம்பளம் என்று அறிவித்ததும் ஆட்கள் நின்றார்கள் என்பது புகழ்பெற்ற செய்தி. அதற்கு மூன்று மாதம் முன்பே அங்கே நடந்த ஒரு மாற்றத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஆளை நினைத்த மாத்திரத்தில் வீட்டுக்கு அனுப்பும் அதிகாரத்தை மேற்பார்வையாளர்களிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள். ஃபோர்டு ஒன்றும் தர்மராசா இல்லை. பிறகு அவருடைய ஆலையிலும் குண்டர்கள் வந்தார்கள். ஆனால் ஆள் ஏன் போகிறான் என்று எண்ணிப் பார்த்துக் காசையும் மேலாளையும் ஒன்றாகத் திருத்தவேண்டும் என்று அங்கே ஒருவருக்குத் தோன்றியது. ஊவாவில் அது யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றியவர் சொல் எடுபடவில்லை.

துண்டு ஒழிந்தது வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால். 1917இல் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் சென்னை அரசின் சார்பில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து பார்த்து அறிக்கை எழுதினார்கள். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கி, வேலையை விட்டுப் போனதற்காகச் சிறையில் அடைப்பது என்ன நியாயம் என்று விடாமல் கேட்டார். இந்தியாவிலிருந்து ஆள் வருவதே நின்றுவிடுமோ என்ற பயம் துரைமாருக்கு வந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு துண்டு போயிற்று, சிறையும் போயிற்று. 1923இல் கண்டியில் இந்திய அரசின் முகவர் வந்து உட்கார்ந்தார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929 தொடக்கத்திலிருந்து மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம்.

துண்டு போன பிறகாவது தோட்ட நிர்வாகம் ஆளோடு பேசக் கற்றுக்கொண்டதா என்று கேட்டால், பதுளைக்காரர்கள் ஒரு பெயரைச் சொல்லலாம். வெவெஸ்ஸ.

பதுளை நகருக்குப் பக்கத்துத் தோட்டம். 1940. அந்த வருஷம் ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்திருந்தார். வேலைநிறுத்தம் மலைக்கு மலை பரவி ஊவாவுக்கு வந்தது. சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிற்சங்கம் முன்னால் நின்றது. வெவெஸ்ஸவில் தொழிலாளர்கள் தாங்களே வாக்களித்து ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். தோட்ட விடயங்களில் அந்தக் குழுவோடு கலந்துபேசி நடப்பதாகத் துரை ஒப்புக்கொண்டார். அதாவது தேயிலைத் தோட்டத்து லயத்து மனிதர்கள் தேர்ந்தெடுத்த ஆட்களை எதிரில் உட்காரவைத்துப் பேச ஒரு வெள்ளைக்காரத் துரை இணங்கினார். அந்தக் காலத்தில் அது சாதாரண விடயமா? ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸ்காரரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றும் கட்சியின் வரலாறு சொல்கிறது. நிலைக்கவில்லை. பொலிஸ் அடக்குமுறை ஒருபக்கம், அந்த நேரம் பார்த்து வந்த வெள்ளம் ஒருபக்கம். வெள்ளத்தில் ஊவா ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்தது. ஜூனில் கட்சித் தலைவர்கள் கைதானார்கள். வெவெஸ்ஸக் குழு வரலாற்றில் ஒரு வரியாகச் சுருங்கிப்போனது. அந்த ஒரு வரியைத் தோட்டங்கள் பிடித்துக்கொண்டிருந்தால் மலையகத்தின் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

பிடித்துக்கொள்ளாததற்குக் காரணம், பிடித்துக்கொள்ள அவசியம் வரவில்லை. 1939 ஓகஸ்டில் இந்தியா புதிதாக ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. இருக்கிற ஆளைப் பேணியாகவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பார்த்தால், 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து வேலையைச் சுலபமாக்கிவிட்டது. நாடற்றவருக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது, காணி கிடையாது, கேட்க நாதியும் கிடையாது. அவர் எங்கே போவார்? துண்டு செய்யமுடியாததை அந்தச் சட்டம் செய்தது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோதும் போகிறவர்களைக் கப்பலேற்றினார்களே தவிர, இருப்பவர்களுக்கு உரிமை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான்.

அதோடு லயமும் ஒரு கட்டு. வேலை இருந்தால்தான் காம்பிரா. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் வைத்திருக்க வேண்டும். தகப்பன் ஓய்வுபெற்றால் மகளை அனுப்பு, அவள் கல்யாணமாகிப் போனால் மருமகளை அனுப்பு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருஷம் முன்பே எச்சரித்திருந்தார்கள். அங்கிருந்து எழுந்து போக அந்த மக்களுக்கு இன்னோர் இடம் இருக்கவில்லை.

ஆகக் கடன், சிறை, நாடின்மை, கூரை என்று நூற்றைம்பது வருஷமாக ஏதோ ஒரு கயிறு தோட்டத்தின் கையில் இருந்துகொண்டே வந்திருக்கிறது. கயிறு இருக்கும்வரை மனிதரை எப்படி நடத்துவது என்று கற்கத் தேவையில்லை. துரை மாறினார், கம்பனி மாறியது. 1975இல் அரசு தோட்டங்களை எடுத்தது, 1992இல் 22 கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. அந்தப் பாடம் மட்டும் யாருக்கும் கட்டாயமாகவில்லை. இப்போதுதான் கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. வாக்குரிமை உண்டு, அடையாள அட்டை உண்டு, சில இடங்களில் ஏழு பேர்ச் காணியில் தனி வீடு உண்டு, பெண்பிள்ளைகள் உயர்தரம் வரை படிக்கிறார்கள். விளைவைப் பாருங்கள். 1992இல் கம்பனித் தோட்டங்களில் மூன்று லட்சத்துக்கு மேல் பதிவுத் தொழிலாளர் இருந்தார்கள். இன்று ஒன்றரை லட்சம்கூட இல்லை.

சம்பளம்தான் முதல் காரணம். அதை மறைத்துக்கொண்டு அன்பாகப் பேசினால் ஆள் நிற்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆயிரம் ரூபா கேட்டு 2015இல் தொடங்கிய போராட்டத்துக்கு 2021 மார்ச்சில்தான் விடை கிடைத்தது. அதற்குள் ஆயிரத்தின் பெறுமதி தேய்ந்திருந்தது. ஆனால் சம்பளம் மட்டும் காரணமென்றால், கொழும்பில் ஒரு கடையில் காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை நின்று, கடை மாடியிலேயே படுத்து எழும் பையன் தோட்டத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவன் திரும்புவதில்லை. முதலாளியும் ஏசுவார்தான். ஏசினால் அடுத்த தெருவில் இன்னொரு கடை இருக்கிறது. தோட்டத்தில் ஏசினால் அம்மாவையும் தங்கையையும் சேர்த்துத்தான் ஏசுவார்கள்.

கொழுந்து மடுவத்தில் மாலை நேரம் ஒரு கால்மணி நின்று பார்த்தால் போதும். பெண்கள் சாக்கை இறக்கி வரிசையில் நிற்பார்கள். விடியற்காலையிலிருந்து சரிவில் நின்ற கால்கள், அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் பூசிய தடம். தராசில் வைத்ததும் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். மிச்சம் கணக்குப்படி வராவிட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், இல்லை.

“என்னம்மா, இன்னைக்கும் பதினாலுதானா? அரைப்பேர்தான்.”

“ஐயா, அந்த மலையில கொழுந்தே இல்லீங்களே. நீங்க ஒருக்கா வந்து பாருங்களேன்.”

“எனக்குப் படிப்பிக்க வேணாம். தள்ளு, அடுத்தாள் வா.”

மலையில் கொழுந்து இருந்ததா இல்லையா என்பது சரிபார்க்கக்கூடிய விடயம். அடுத்த நாள் காலையில் நடந்து போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். உரம் போட்டு எத்தனை மாதம், காடு வெட்டி எத்தனை நாள் என்று அந்தப் பெண்ணே சொல்வார். அந்த மலையை அவரைவிடத் தெரிந்தவர் இல்லை. அவரைக் கேட்க அங்கே ஏற்பாடு இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்காகக் காத்துநிற்கும் மகள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருஷத்தில் அவள் கட்டுநாயக்காவுக்கோ குவைத்துக்கோ போனால், சம்பளம் போதாமல் போனாள் என்று கம்பனி எழுதிக்கொள்ளும். அமெரிக்காவில் கலப் நிறுவனம் 2015இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கேட்டபோது, பாதிப்பேர் ஏதோ ஒரு காலத்தில் மேலதிகாரியிடமிருந்து தப்புவதற்காகவே வேலையை விட்டதாகச் சொன்னார்கள். நம் தோட்டங்களில் அப்படி யாராவது கேட்டுப்பார்த்தால் பாதியோடு நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

மடுவத்தில் நிற்கும் அந்த மேற்பார்வையாளரையும் குறைசொல்லிப் பயனில்லை. அவரும் பெரும்பாலும் அதே லயங்களிலிருந்து வந்தவர்தான். மேலிருந்து அவருக்கு வருவது கிலோக் கணக்கு. ஆளிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு ஒருநாள் பயிற்சியாவது கொடுத்தார்களா? பழைய கங்காணிக்குத் தலைக்காசாவது இருந்தது, ஆள் வராவிட்டால் தன் வருமானம் போகும் என்ற பயம் இருந்தது. ஆள் குறைந்தால் இவருக்கு எதுவும் போவதில்லை, ஆள் நிலைத்தால் எதுவும் கிடைப்பதுமில்லை.

இழப்பு யாருக்கு என்று ஊவாவில் எல்லோருக்கும் தெரியும். ஜூலையிலிருந்து செப்டெம்பர்வரை கச்சான் காற்று வறண்டு வீசும் அந்த வாரங்களில்தான் உலகச் சந்தையில் பெயர்பெற்ற ஊவாத் தேயிலையின் வாசம் ஏறுகிறது. வருஷத்தின் நல்ல விலை அந்தக் கொழுந்துக்குத்தான். அந்த வாரங்களில் எடுக்கக் கை இல்லாமல் மலைகள் முற்றிப்போவதை மடுல்சீமைப் பக்கத்திலும் பார்க்கலாம், பூனாகலைப் பக்கத்திலும் பார்க்கலாம். சில தோட்டங்கள் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை விலைக்கு வாங்கும் முறைக்குப் போயிருக்கின்றன. அதில் நல்லதும் இருக்கிறது, வில்லங்கமும் இருக்கிறது. தனியாக எழுதவேண்டிய விடயம்.

2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளத்தை 1350 ரூபாவிலிருந்து 1550 ஆக்குவதாகவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசு தன் கையிலிருந்து 200 ரூபா வரவு ஊக்கத்தொகை கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். வந்து நின்ற தலைக்குக் காசு. முன்பு கங்காணிக்குப் போனது, இப்போது தொழிலாளிக்கே போகிறது. நூறு வருஷத்தில் இது நல்ல முன்னேற்றம்தான், குறை சொல்லமாட்டேன்.

கம்பனிகளிடம் நான் கேட்பது செலவில்லாத ஒரு காரியம். தொழிலாளியின் பெயரைச் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் வெட்டும்போது, ஏன் போகிறீர்கள் என்று அவரைக் கேளுங்கள். மேற்பார்வையாளரோ கங்காணியோ இல்லாத இடத்தில், தமிழ் பேசும் ஒரு பெண் உத்தியோகத்தர் கேட்கட்டும். அவர் சொல்வதைச் சொன்னபடி எழுதி, எந்த மலை, யாருடைய மேற்பார்வை என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். ஒரு வருஷம் எழுதினால் போதும். எந்தப் பிரிவில் ஆள் நிற்கிறார்கள், எதில் நிற்பதில்லை, அங்கே பெரட்டுக்களத்தில் நிற்பது யார் என்பது அந்தக் கொப்பியிலேயே தெரிந்துவிடும்.